வண்டி நிற்கட்டும், அப்புறம் லிவரைத் தொடுங்கள்

போன இதழில் தோட்டத்து வண்டிகள் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைட் பை சைட் வண்டியைப் பற்றித்தான் கேட்கின்றன. பெயர் பழகாதவர்களுக்கு ஒரு வரி: இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சீட், ஸ்டீயரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் சாமான் போட ஒரு தொட்டி. நம் பக்கம் பலர் பக்கி என்றே சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பர்கூர் வாசகர்: அண்ணா, பெங்களூரிலிருந்து ஒரு பழைய சைட் பை சைட் வாங்கி மாந்தோப்பில் ஓட்டுகிறோம். கிளட்ச் மிதி இல்லை. ஹையிலிருந்து ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கர்ர் என்று பல் அரைக்கிற சத்தம். மெக்கானிக் கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்கிறார். கழற்றலாமா?

இப்போதைக்குக் கழற்றாதீர்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஓட்டுகிற விதத்திலேயே சரியாகிவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கிளட்ச் மிதி இல்லாததால் நாம் இதை ஆட்டோமேட்டிக் கார் என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே இரண்டு வேலை தனித்தனியாக நடக்கிறது. வேகத்துக்குத் தக்கபடி இழுவையைக் கூட்டிக் குறைப்பது ஒரு ரப்பர் பெல்ட்டும் அதன் இரண்டு பக்கமும் இருக்கும் புல்லிகளும். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டரில் இடது பக்க மூடிக்குள் இருக்கிறதே, அதே ஏற்பாடுதான், அளவு பெரிது. அதற்குப் பின்னால் தனியாக ஒரு சின்ன கியர் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், லோ, ஹை என்று உங்கள் கையில் இருக்கும் லிவர் அந்தச் சின்னப் பெட்டியைத்தான் அசைக்கிறது. ஓடும்போது வேகத்தைப் பார்த்துக்கொள்ள பெல்ட் இருக்கிறது, அதனால் லிவருக்கு ஓட்டத்தின் நடுவில் வேலையே கிடையாது.

அந்தப் பெட்டியில் காரில் இருப்பது போல சிங்க்ரோமெஷ் இல்லை. காரில் ஒரு பித்தளை வளையம் உள்ளே சேர வேண்டிய இரண்டு பல்சக்கரத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து வைக்கும். இதில் அப்படி யாரும் சேர்த்து வைப்பதில்லை, ஒரு பக்கம் கட்டை கட்டையாக நிற்கும் பற்கள், எதிரே அவை விழுவதற்கான பள்ளங்கள், இரண்டும் அசையாமல் இருந்தால் நேராக விழும், ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் விழாமல் ஒன்றன் மேல் ஒன்று தட்டிக்கொண்டே போகும். நீங்கள் கேட்கிற கர்ர் அதுதான். டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. ஹை லோ லிவரை வண்டி நின்ற பிறகுதான் மாற்ற வேண்டும் என்று அப்பா காலத்திலிருந்தே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வண்டி, ரிவர்ஸ் போட்டால் இரண்டு அடி போய்விட்டுத் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். பெட்டியைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். எண்ணெய் வடிக்கிற போல்ட்டின் காந்த நுனியில் இரும்புத்தூள் மை மாதிரி குழைந்து ஒட்டியிருந்தது, விரலில் தேய்த்தால் மினுமினுக்கும். ரிவர்ஸ் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால், செங்கல் முனை மாதிரி கூராக இருக்க வேண்டிய மூலைகள் ஒரு பக்கம் மட்டும் சப்பிப் போட்ட வெல்லக்கட்டி போல உருண்டிருந்தன. முனை உருண்ட பல் பள்ளத்தில் நிற்காது, சுமை வந்ததும் வழுக்கி வெளியே வந்துவிடும். வண்டி அசைகிறபோதே ரிவர்ஸுக்குத் தள்ளித் தள்ளி இரண்டு வருடத்தில் வந்த நிலை அது. ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடி பொறுத்திருந்தால் அந்தப் பல் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, செய்ய வேண்டியது இது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுங்கள். பிரேக்கை மிதித்து வண்டியை அடியோடு நிறுத்துங்கள், மெதுவாக உருள்வதை நிற்பதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். இன்ஜின் சத்தம் ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் குறைந்த வேகத்துக்கு, இறங்குகிற வரை காதால் கேளுங்கள், ஏனென்றால் ஐடிலில்தான் முன் புல்லி பெல்ட்டைப் பிடிக்காமல் விடும், அப்போதுதான் கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு சும்மா இருக்கும். மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு லிவரை ஒரே தள்ளாகக் கடைசி வரை தள்ளுங்கள். பயந்து பயந்து மெல்ல நகர்த்தினாலும் பல் நுனியோடு நுனி உரசும், அதனால் அடிக்கவும் வேண்டாம், தடவவும் வேண்டாம். டக் என்று ஒரு சத்தம் கேட்கும், மீட்டரில் எழுத்து மாறும். அதுவரை பிரேக்கில் இருக்கிற கால் அங்கேயே இருக்கட்டும்.

சில சமயம் எல்லாம் சரியாகச் செய்தும் லிவர் பாதியில் நின்றுவிடும். பல்லுக்கு நேராகப் பள்ளம் வராமல் பல்லே வந்து நிற்கிறது என்று அர்த்தம். உடனே பலம் போடாதீர்கள். நியூட்ரலுக்குத் திரும்பி, ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டி, சத்தம் மறுபடி ஐடிலுக்கு இறங்கிய பிறகு போட்டுப் பாருங்கள், விழுந்துவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடில் தானாகவே கொஞ்சம் ஏறி ஓடும். மார்கழி மாதம் தளி பக்கம் வண்டி எடுத்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கியர் போட்டால் புதிய வண்டிகூடக் கத்தும். சத்தம் இறங்கும் வரை நில்லுங்கள்.

இதையெல்லாம் ஒரு வாரம் விடாமல் செய்தும் அரைத்தால் அப்போது மெக்கானிக்கிடம் போங்கள், ஆனால் கழற்றுவதற்கு முன் வரிசையாக மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகு ஐடில் வேகம் கையேட்டில் போட்டிருக்கும் அளவில் இருக்கிறதா, கூடுதலாக இருந்தால் புல்லி பெல்ட்டைக் கொஞ்சம் பிடித்தபடியே இருக்கும். அடுத்து பெல்ட், பழைய வண்டியில் முன்னவர் அளவு மாறிய பெல்ட்டைப் போட்டிருந்தால் ஐடிலிலும் அது தண்டை இழுத்துச் சுற்றும். மூன்றாவது லிவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள், அது நீண்டு போயிருந்தால் நீங்கள் கடைசி வரை தள்ளினாலும் உள்ளே முக்கால் தூரம்தான் போயிருக்கும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் பெட்டியைப் பிரியுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சாலைக் கணக்கில் ஸ்டீயரிங் இடது பக்கம் வைத்துச் செய்தவை, லிவர் வலது கைக்கு வரும். இடது கையில் கியர் போட்டே பழகிய டிரைவர்களுக்கு முதல் சில நாள் கை தடுமாறும், கூடவே அவசரமும் வந்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு, லிவரைப் பார்க்காமல் பத்து இருபது தடவை போட்டுப் பழகச் சொல்லுங்கள். அணைத்திருக்கும்போது சில இடத்தில் பல் விழாமல் நிற்கும், அங்கே அழுத்த வேண்டாம்.

வத்தல்மலை வாசகர்: காபித் தோட்டத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது டயர் எரிகிற மாதிரி நாற்றம் வருகிறது. ஹையில்தான் ஓட்டுகிறேன். லோ போட்டால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்று சொல்கிறார்களே?

எரிவது டயர் இல்லை, பெல்ட். தயவுசெய்து இன்றைக்கே லோவுக்கு மாறுங்கள். ஹையில் ஏறும்போது வண்டி நகரவே திணறுகிறது, இன்ஜினோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட பெல்ட் புல்லியின் மேல் வழுக்கி வழுக்கிச் சூடாகிறது. லோவில் அதே மேடு ஏறினால் பின்னால் இருக்கும் கியர் பெல்ட்டின் சுமையைக் குறைத்துவிடும், பெல்ட் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் இரண்டு பேரோடு அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டு மேடு ஏறியிருக்கிறீர்களா? வண்டி கத்தும், நகராது. இங்கே உங்களுக்கு லோ என்று ஒரு வழி இருக்கிறது, ஸ்கூட்டரில் அது இல்லை.

நான் வைத்திருக்கும் கணக்கு: மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கீழேயே ஓட்டப் போகிறோம் என்றால் லோ. சுமை, டிரெய்லர், பாறை, சேறு, மேடு, டெம்போவில் வண்டியைப் பலகை வைத்து ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் லோ. தட்டையான தோட்டப் பாதையில் காற்றுப்படப் போகும்போது ஹை. பெட்ரோல் கணக்கு பார்க்கிறவர்கள் ஒரு பெல்ட்டின் விலையை விசாரித்துவிட்டு வந்து கணக்குப் போடட்டும்.

மூடியைத் திறந்து பெல்ட்டை ஒருமுறை பாருங்கள். உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். பெல்ட்டைச் சுற்றிலும் விரலால் தடவிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் மட்டும் அகலம் குறைந்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறதா பாருங்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, புல்லி மட்டும் சுற்றி அந்த ஓர் இடத்தைத் தேய்த்துத் தள்ளியிருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கிளம்பும்போதெல்லாம் தட் தட் என்று அடிக்கும், ஒருநாள் நடு மேட்டில் அறுந்துவிடும். புதுப் பெல்ட் போட்டதும் முதல் 80 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலேட்டரும் கனமான சுமையும் வேண்டாம்.

முக்கியமானது, மேடு தொடங்குவதற்கு முன் அடிவாரத்திலேயே நிறுத்தி லோ போட்டுவிடுங்கள். பாதி ஏறிய பிறகு ஹையிலிருந்து லோவுக்கு வர நினைத்தால் வண்டியின் எடை முழுவதும் பற்களை இறுக்கிப் பிடித்திருக்கும், லிவர் வராது, வந்தால் அந்த ஒரு கணம் வண்டி நியூட்ரலில் இருக்கும், பின்னால் உருள ஆரம்பிக்கும். ஏற முடியாமல் நடுவில் நின்றுவிட்டால் பிரேக்கை விடாதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பிக் குறுக்கே வளைக்கப் பார்க்காதீர்கள், வண்டி கவிழ்வது அப்படித்தான். நின்ற நிலையில் ரிவர்ஸ் போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, பிரேக்கிலேயே மெல்ல வந்த வழியே இறங்குங்கள்.

தொப்பூர் வாசகர்: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெல்ட் தேயாது என்கிறார் நண்பர். சரியா?

தொப்பூரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதுதான் எனக்கு வருத்தம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகள் அந்தக் கணவாயில் என்னவாயின என்பதை உங்கள் ஊர்க்காரர்களை விட யார் அதிகம் பார்த்திருக்கிறார்கள்? நியூட்ரலில் எந்த வண்டிக்கும் இன்ஜின் பிடிப்பு இல்லை. எல்லாச் சுமையும் பிரேக்கின் தலையில், பிரேக் சூடானால் பிடிக்காது. அதோடு, வண்டி வேகமெடுத்த பிறகு நியூட்ரலிலிருந்து லோவுக்குத் தள்ளினால் முன்பு சொன்ன பற்கள் விழவே விழாது.

இறங்குவதற்கு முன் மேலேயே நின்று லோ போடுங்கள். சில மாடல்களில் இறக்கத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு உள்ளேயே உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாதவற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டதும் வேகம் குறைந்த ஒரு கட்டத்தில் புல்லி பெல்ட்டை விட்டுவிடும், வண்டி சட்டென்று இலேசாகி ஓடும். முதல் தடவை அனுபவிக்கிறவர்களுக்கு அடிவயிறு கலங்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பதைச் சின்னச் சரிவில் முதலில் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். விட்டுவிடுகிற வகை என்றால் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தபடியே இறங்க வேண்டும்.

ராயக்கோட்டை வாசகர்: சரிவில் நிறுத்திப் பார்க்கில் போட்டால் மறுநாள் லிவர் வெளியே வர மாட்டேன் என்கிறது. உதைத்துத்தான் எடுக்கிறோம்.

உதைக்காதீர்கள், கேபிள் போய்விடும். பார்க்கில் ஒரு சின்னக் கொக்கி பல்லுக்குள் விழுந்து நிற்கிறது, நீங்கள் பிரேக்கை விட்டதும் மொத்த வண்டியும் அந்தக் கொக்கியில் சாய்ந்துவிடுகிறது. இப்போதைக்கு பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, இன்னொருவரை மேட்டுப்பக்கம் நோக்கி வண்டியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்கள் (அவர் கீழே சரிவில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று தள்ளட்டும்), எடை விட்டதும் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு லிவரை எடுங்கள், வந்துவிடும். இனிமேல் முடிந்தவரை சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவுதான் என்றால், ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எடை அதில் நின்ற பிறகு பார்க் போடுங்கள். சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லும் வையுங்கள்.

ஓசூர் வாசகர்: நண்பரின் வண்டியில் ஓடும்போதே ஸ்டீயரிங்கில் தட்டிக் கியர் மாற்றுகிறார். அப்படியென்றால் நீங்கள் சொல்வது அதற்குப் பொருந்தாதா?

அது வேறு வகை. யமஹா ஒய்.எக்ஸ்.இசட். 1000 ஆர் வண்டியில் பெல்ட்டே கிடையாது, பைக் மாதிரி வரிசையாக ஐந்து கியர். ஹோண்டா பயனியர் 1000 வண்டியில் இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸ், அதிலும் பெல்ட் இல்லை. இவற்றில் ஓடும்போது முன்னோக்கிய கியர்களை மாற்றிக்கொண்டே போகலாம், அதற்காகவே செய்தவை. ஆனால் ரிவர்ஸ் போட இவற்றிலும் நின்றாக வேண்டும். நண்பரின் வண்டியைப் பார்த்துவிட்டு உங்கள் பெல்ட் வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

ஊத்தங்கரை வாசகர்: ஓடையைக் கடந்த பிறகு ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கியர் போய்விட்டதா?

கியருக்கு ஒன்றும் ஆகவில்லை, பெல்ட் மூடிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. நனைந்த பெல்ட் வழுக்கும். சமதளத்துக்குத் தள்ளி வந்து, மூடியின் அடியில் வடிகால் திருகு இருந்தால் திறந்து தண்ணீரை விட்டுவிட்டு, நியூட்ரலில் வைத்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஏற்றி இறக்குங்கள், காற்றிலேயே காயும். அப்புறம் ஐடிலுக்கு விட்டு, லோ போட்டு, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கியர் பாக்ஸ் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அதற்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றும் வரை ஓட்டாதீர்கள்.

அஞ்செட்டி வாசகர்: ரோட்டிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டலாமா?

ஆர்.சி. இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது, தோட்ட வேலிக்கு உள்ளேதான். காட்டுக்குள் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் பக்கத்துக் காடு 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியது, யானை நடமாடும் இடம். அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

தேன்கனிக்கோட்டை வாசகி: சார், என் பையனுக்கு 14 வயது. தோட்டத்துக்குள்தானே, ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அடம் பிடிக்கிறான். அவன் அப்பாவும் சரி என்கிறார்.

வேண்டாம் அம்மா. இந்த அளவு வண்டிகளுக்கு 16 வயதும் லைசென்சும் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள், உள்ளூர்த் தோட்டம் என்பதால் வண்டியின் எடை குறைந்துவிடாது. கால் பிரேக்கை முழுக்க மிதித்தபடி முதுகு சீட்டில் படிய உட்கார முடிகிறதா என்று அவனை உட்கார வைத்துப் பாருங்கள், அவன் அப்பாவுக்கும் அப்போது புரியும். இப்போதைக்குப் பக்கத்து சீட்டில் பெல்ட்டும் ஹெல்மெட்டும் போட்டு, கை கால் கூண்டுக்கு வெளியே போகாமல் உட்காரட்டும். அப்பா நிறுத்தி, இன்ஜின் சத்தம் இறங்கி, லிவர் டக் என்று விழுகிற வரைக்கும் ஒவ்வொன்றையும் அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரட்டும், அவர் அவசரப்பட்டு முன்னாலேயே தள்ளிவிட்டால் அதையும் அவனே சொல்லட்டும்.